செவுளில் வெள்ளைப் புள்ளி

மார்கழி முழுக்க அடியில் நின்றன.
காட்பாடியில் குளிரா என்று கேட்பீர்கள்.
பதினாறு டிகிரிக்கே மப்ளர் சுற்றும் ஊர்தான்,
ஆனால் மீனுக்கு மப்ளர் இல்லை.
பணிமனையில் நிறுத்திய பேருந்துகளாக
ஒரே திசை பார்த்து ஏழும்,
செவுள் மட்டும் எப்போதாவது.
போட்ட தீனி ஊறிப் பருத்து மிதந்தது.
வலையால் அள்ளிக் கொட்டினேன்.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம்
வாய்கள் மேலே வந்தன.
சுவரைச் சுரண்டின, பாசியை மென்றன,
என் விரலையும் ஒருமுறை.
அப்போதுதான் பார்த்தேன்,
மூன்று தங்கமீன்களின் செவுள்மூடியில்
ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளி.

பதினோரு வருடம் பிரசவ வார்டில் இருக்கிறேன்.
புள்ளி என்றால் நோய்.
கல்லுப்பு இரண்டு கிலோ வாங்கினேன்,
நீல மருந்து ஒரு குப்பி,
தனிமைப்படுத்த ஒரு நீலத் தொட்டி.
ஜெபனேசன் சொன்னார்,
"உன் டியூட்டி முடிஞ்சதா இல்லையா?"

பங்குனி ஒன்பது.
இரவுப் பணி முடித்து
பாலாற்றுப் பாலம் தாண்டி வருகிறேன்,
கீழே மணலும் சீமைக்கருவேலமும்.
கேட்டைத் திறக்கும் முன்பே சத்தம்,
யாரோ ஈரத்துணியை
கல்லில் அடிப்பதாக.

மூன்றும் ஒருத்தியைத் துரத்துகின்றன.
சிவப்புத் திட்டு போட்ட வெள்ளைக்காரி,
வயிறு ஒருபக்கம் புடைத்தவள்.
விலாவில் முட்டி, கரையில் ஏற்றி,
ஆகாயத்தாமரை வேருக்குள் தள்ளி
மறுபடி இழுத்து.
செதில் ஒன்று நாணயம்போல் மிதந்தது.
பெரிய கோய் இரண்டும்
தமக்குச் சம்பந்தமில்லை என்று
ஓரமாகச் சுற்றின.

துடைப்பத்தை எடுத்து நடுவில் விட்டேன்.
நிற்கவில்லை.
கஸ்பா முனீருத்தீனுக்கு போன் போட்டேன்.
தூக்கக் குரல், பிறகு சிரிப்பு.
"இன்னா சிஸ்டர், நீங்களே கேக்கறீங்களே!
அடிக்கல, முட்டை வுடுது.
தண்ணி சூடாச்சுன்னா அப்டித்தான்.
அந்தப் புள்ளி ஆம்பளைக்கு வரும்,
தொட்டுப் பாருங்க, உப்புத்தாளு மாதிரி கீது.
மருந்து கிருந்து ஊத்தாதீங்க."

உப்பு மூட்டை பிரிக்காமல் அடுப்படியில் இருந்தது.
சாம்பாருக்கு ஆகும்.

ஏழரைக்கு எல்லாம் ஓய்ந்தது.
தண்ணீர்மேல் நுரை, மீன்வாடை,
வெள்ளைக்காரி மூலையில் சாய்ந்து
ஒரு துடுப்பை மட்டும் அசைத்தபடி.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
அந்த முகத்தோடுதான் என் இரவுகள்.
வேரெல்லாம் ஜவ்வரிசி,
எண்ண ஆரம்பித்து நாற்பதில் தூங்கப் போனேன்.

இரண்டு மணிக்கு எழுந்து வந்தால்
வேர் சுத்தமாக இருக்கிறது.
துரத்தியவர்களும் துரத்தப்பட்டவளும்
பக்கத்தில் பக்கத்தில் நின்று
பந்திச் சாப்பாடு போல்
கடைசி முட்டைகளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.
என்னைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள்.
தீனி போட்டேன்.
வேறென்ன செய்வது.

சாயங்காலம் லாரித் தண்ணீர் வந்தது.
குளோரின் போக ஒரு நாள் வைக்க வேண்டும்,
நீலத் தொட்டியைத் தேடினேன்.
கொல்லையில், கறிவேப்பிலை நிழலில்,
பாதி நிரம்பியிருந்தது.
பம்பை அடைக்குதென்று ஜெபனேசன்
காலையில் பிடுங்கிப் போட்ட
ஒரு கொத்து ஆகாயத்தாமரை அதில்.

நிறைய முட்டை வெளுத்துவிட்டது,
பஞ்சு மொய்த்தது.
மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
மீதியில் ஒவ்வொன்றுக்குள்ளும்
இரண்டு கறுப்புப் புள்ளி.
நடுவே ஏதோ வேகமாகத் துடித்தது.

"என்ன நோய் இது?" என்றார் அவர்,
முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.
டார்ச்சை அணைத்தேன்.
அவற்றுக்குக் கண் கூசும்.