எட்டுக் காசு

நாலாங்கட்டைத் தோட்டம், ஐந்தாவது லயம்.
பன்னிரண்டு கதவு. ஒரு டிவி.

கூட்டுப் பிடித்து வாங்கியது, கறுப்பு வெள்ளை.
கதவுக்கு ஒரு வாரம் தங்கும்.
சனிக்கிழமை அந்தியில்
நாலு பேர் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம்,
ஏரியல் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் நடப்பான்.
சாமி ஊர்வலம் என்று யாராவது சொல்வார்கள்.
எங்கள் சாமி இவ்வளவு கனமில்லை.

லைசென்சு வருடத்துக்கு இருபத்து நாலு வெள்ளி.
கதவுக்கு இரண்டு.
இத்தனை சுத்தமாக வந்த கணக்கு
எங்கள் லயத்தில் அது ஒன்றுதான்.
வசூல் என் வேலை.
செக்ரோல் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்:
இருளாயி, எல்லாம் சில்லறை.
தனபாக்கியம், பாதி இப்போது, பாதி தீபாவளி முன்பணத்தில்.
சூசை, கொடுத்தான்; கொடுத்ததை மூன்று நாள் சொன்னான்.
ஆகாயத்தில் வருவதற்கு ஏன் காசு என்று கேட்டதும் அவன்தான்.
மண்ணில் முளைத்த மரத்துப் பால் மட்டும்
உனக்கா சொந்தம் என்றேன்.
மங்கைக் கழுவப் போய்விட்டான்.

பத்தாங் பெர்ஜுந்தை போஸ்டாபீசில் பெயர் கேட்டார்கள்.
அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு பெயருக்கு இடமில்லை.
மூன்றாம் கதவு அமிர்தலிங்கம் என்றேன்.
கை நடுங்காமல் கையெழுத்துப் போடுகிறவன்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக இருக்கும் வெள்ளையன்
காசு தரவில்லை.
நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறவன்,
வீட்டுக்குத்தானே லைசென்சு என்றான்.
மழையிலும் வெளியேதான் நின்றான்,
தலையில் ஒரு உரச்சாக்கு.

வெள்ளை வேன் வருகிறதென்று பிள்ளைகள் கத்தியபோது
டிவி ஒன்பதாம் கதவில் இருந்தது.
அந்த வேனுக்குள் ஒரு யந்திரம் உண்டு,
சுவருக்குள் படம் ஓடினால் மோப்பம் பிடிக்கும் என்பார்கள்.
இறங்கியது என்சே ஸைனோல்,
ஒரு பேனா, ஒரு ரசீதுப் புத்தகம்.
அண்ணாந்து ஏரியலைப் பார்த்தார்.
அவ்வளவுதான் யந்திரம்.

லைசென்சைக் காட்டினோம்.
இது மூன்றாம் நம்பர், நாம் நிற்பது ஒன்பது என்றார்.
சத்து ருமா, சத்து லேசென்.
ஒரு வீட்டுக்கு ஒன்று.
பன்னிரண்டு வீட்டிலும் பார்த்தால் பன்னிரண்டு.
பேனாவைத் திறந்து பெருக்கினார்:
இருநூற்று எண்பத்தெட்டு.
தனபாக்கியம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து
மானேஜர் கடிதத்தை எடுத்து வந்தேன்.
ஏழாம் கதவு ஒழுகுகிறது, தகரம் மாற்றுங்கள் என்று
போன மழைக்கு எழுதியதற்குப் பதில்.
ஐந்தாவது லயம் ஒரே கட்டடம்,
ஒரு கதவுக்கென்று தனியே கூரை மாற்ற இயலாது.
கீழே கம்பெனி முத்திரை.
எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்:
ஒழுகும்போது ஒரு வீடு,
லைசென்சுக்கு மட்டும் பன்னிரண்டா, என்சே?

இரண்டு தடவை படித்தார்.
மீசைக்குள் என்னவோ நடந்தது, சிரிப்பாக இருக்கலாம்.
மறுபடி அண்ணாந்தார்.
முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை
ஒரே தகரம், ஒரே துரு.

பிறகு எழுதினார்.
பன்னிரண்டு அல்ல, ஒன்று.
விலாசம் மாறிய குற்றம், ஐம்பது வெள்ளி.
வெறும் கையோடு போனால் மேலே கேட்பார்களாம்.
ஏழாம் கதவுக் கூரை
அவர் இலாகா இல்லையாம்.

அன்றிரவு, பத்து மணிக்கு ஜெனரேட்டர் நிற்பதற்குள்
ஐம்பதைப் பன்னிரண்டால் வகுத்தேன்.
ஆளுக்கு நாலு வெள்ளி பதினாறு காசு.
எப்படி வகுத்தாலும்
எட்டுக் காசு வெளியே நின்றது.
இருளாயி தலையில் வைக்கலாமா என்று சூசை கேட்டான்,
இருளாயி அவன் அம்மாவை இழுத்தாள்,
படத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்,
ஒருவரும் பார்க்கவில்லை.

ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு கை உள்ளே வந்தது.
பத்துக் காசு.
வெள்ளையன் ஒன்றும் பேசவில்லை.
நாணயத்தை நான் எடுத்த பின்னும்
கை அப்படியே விரிந்திருந்தது,
மீதி இரண்டு காசுக்கு.