கொஞ்சம் என்றால் எத்தனை

ஸ்கோப்யேயிலிருந்து ஓஹ்ரித்துக்குப் பேருந்தில்
மூன்றரை மணி நேரம் என்கிறார்கள்.
கிச்செவோவுக்கு அப்பால் சாலை வேலை,
ஆகையால் நான்கு என்று எழுதுகிறேன்.
மெத்தோடியின் முட்டிக்காக நடுவில் ஒரு நிறுத்தம்,
ஆகையால் நாலரை.

வியாழக்கிழமை இரவு.
மிளகாய் சுட்ட வாடை இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை.
மேசையில் அந்த ஊரின் வரைபடம்,
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்,
பென்சில், அழிரப்பர்.

ஏரிக்கரைப் பழம்பட்டணங்களுக்கு
ஒரு கெட்ட பழக்கம்:
தண்ணீரைப் பார்ப்பதற்கென்று
குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
மன்னர் காலத்துக் கோட்டை, மேலே.
ரோமர் அரங்கு, மேலே.
எல்லா நாட்காட்டியிலும் வருகிற,
பாறை நுனியில் நிற்கும் அந்தச் சின்னத் தேவாலயத்துக்கோ
ஏறி, இறங்கி,
திரும்பிவர மறுபடியும் ஏறி.
கோடு போட்டு அடித்தேன்.

"எதை அடித்தாய்?"
அடுத்த அறையிலிருந்து.
காதா அது!
பென்சில் கீறுவது கேட்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின கோடையில்
அவன் அங்கேதான் சாரம் கட்டினான்,
சுவரோவியங்களைத் துடைக்க வந்தவர்களுக்காக.
புனிதர்களின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றவன்.
இரும்புக் குழாய்களைத் தோளில் சுமந்து
அந்த ஊரின் ஒவ்வொரு படியையும் ஏசியவன்.
நான் அடிக்கிற இடமெல்லாம்
அவன் நின்ற இடம்.

விடுதிக்காரி பொலிக்சேனாவுக்குப் போன் போட்டேன்.
"ஏரி தெரிகிற அறையா, தெரியாததா?"
"எத்தனை படி?"
"கொஞ்சம்தான்."
"கொஞ்சம் என்றால் எத்தனை?"

எதிர்முனையில் பேச்சு நின்றது.
கோபமோ என்று நினைத்தேன்.
பிறகு செருப்புச் சத்தம், ஒரு கதவு,
நாயை அதட்டுவது,
உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று,
பதினாலில் மூச்சு வாங்குவது.
"இருபத்துமூன்று," என்றாள் உச்சியிலிருந்து.
"முப்பது வருஷமாய் ஏறுகிறேன்.
இன்றைக்குத்தான் எண்ணினேன்."

கொஞ்ச நேரம் இருவரும்
அந்த எண்ணின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"கீழே ஒரு அறை உண்டு," என்றாள்.
"படகு மோட்டாரும் வலையும் போட்டு வைத்திருக்கிறோம்.
ஒதுக்கித் தருகிறேன். டீசல் வாடை அடிக்கும்.
ஆனால் கதவைத் திறந்தால்
கால் நனையும்."

எழுதினேன்: டீசல். சரி.

சனி மதியம், படகு.
தேவாலயத்தைத் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தல்,
படகுக்காரனிடம் பேரம், கட்டாயம்.
ஏரி மீன்: விலை கேட்டுவிட்டு, பயறு சூப்.
மீன் செதிலில் செய்கிற முத்து: பார்க்க மட்டும்.
ஞாயிற்றுக்கிழமை மழை என்கிறார்கள்.
அவனுக்கு ஒரு கை ஊன்றுகோலுக்கு,
ஒரு கை எனக்கு.
குடையை யார் பிடிப்பது என்று எழுதவில்லை.

டொக், டொக் என்று வந்தான்.
வரைபடத்தைத் தலைகீழாகவே பார்த்தான்;
ஏரி மேலே, குன்று கீழே.
"இப்படி இருந்திருந்தால் ஏறியிருப்பேன்," என்றான்.
பென்சிலை வாங்கி
கோட்டையின் மேல் நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்
சின்னதாக எழுதினான்:
நீ போ.

"போய் மேற்குச் சுவரில் நின்று கையை ஆட்டு.
மோட்டார் அறை வாசலில் இருந்து பார்ப்பேன்.
மழை பெய்தாலும்."

நான் அதை அடிக்கவில்லை.
சரி என்றும் எழுதவில்லை.
தாளைத் திருப்பி, மருந்துகளின் பெயருக்குக் கீழே
பெட்டியில் வைக்க வேண்டியதைக் குறித்தேன்:
மாத்திரை, துண்டு, இரண்டு ஜோடி காலுறை,
அப்புறம்
தூரத்துக்குத் தெரிகிற மாதிரி
மஞ்சளோ சிவப்போ
ஏதாவது ஒரு சட்டை.