ஆள் இருக்கு

செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் விடுப்பு.
நாலு மணிக்கு மாம்பலத்தில் சைக்கிளை எடுத்தால்
அடையாறு கடலில் விழுகிற இடத்துக்கு
இருட்டு மிச்சம் இருக்கும்போதே போய்விடலாம்.

சாயங்காலம் உடைந்த பாலத்துக்கு வருகிறவர்கள் வேறு.
கல்யாண ஜோடி, வெள்ளைக் குடை பிடிக்கும் உதவியாள்,
எங்கள் கடைப் பட்டே சில நாள் வரும்.
இந்நேரத்துக்கு உள்ளான்கள் மட்டும்தான்,
சேற்றில் ஊசி குத்தி எடுத்துக்கொண்டு.
கம்பிவேலிக்கு அப்பால் கண்டல் செடிகள்.
வேலியில் ஒரு பலகை:
பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்.
செய்யவில்லை.
சட்டையைத்தான் கழற்றுகிறேன்.

முதலில் கழுத்து அட்டை.
அப்புறம் மெரூன் சட்டை, கறுப்புப் பேண்ட்.
சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு
மிச்சமும்.

மடிக்காமல் போட எனக்கு வராது.
பதினெட்டு வருஷம் சேலைப் பிரிவு.
ஈர மணலில் செய்தித்தாள் விரித்து
ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கையால் நீவி,
மேலே அட்டையை வைத்தேன், காற்றுக்கு.

மேன்ஷனில் நூற்றுப்பத்து ஆம்பிளைகள், ஒரே தொட்டி,
எல்லோரும் துண்டு கட்டிக்கொண்டேதான் குளிக்கிறோம்.
கண்ணாடி பெண்டாட்டி மாதிரி, ஊரில் இருக்கிறது.
வியாழன் ராத்திரி ஷட்டர் இறக்கியபின்
ஷோகேஸ் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்றுகிறவன் நான்.
அவற்றின் தோள் இணைப்பு, இடுப்பு ஆணி,
இடது முழங்கையில் பெயர்ந்த பெயிண்ட், எல்லாம் தெரியும்.
என் முதுகு எப்படி இருக்கும் என்று கேட்டால்
யாரையாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது குனிந்து பார்க்கிறேன்:
நின்று நின்று சுருண்ட நரம்புகள்
ஆடுசதையில் பச்சையாய்.
எலாஸ்டிக் போட்ட கோடு இடுப்பைச் சுற்றி,
யாரோ இரண்டு ஆள்களைத் தைத்து ஒட்டியது போல.
தொப்பை. தழும்பு. குளிரில் சுருங்கிய அது.
ஒரு நண்டு என்னைப் பார்த்தது,
பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

ஆள் பாதி, ஆடை பாதி என்று
கடை மாடிப்படியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
பாதியைக் கரையில் வைத்துவிட்டு
பாதி கடலுக்குள் இறங்கியது.
எது கனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இடுப்புக்கு மேல் போவதில்லை, அங்கே கடல் ஏமாற்றும்.
உட்கார்ந்தால் கழுத்தளவு.
பத்து மணி நேரத்தில் எனக்குக் கிடைக்காத உட்காரல்.
அலை வந்து முதுகைத் தள்ளும்போது
ஓ, இவ்வளவு அகலமா, என்று நினைத்தேன்.

அப்போது சிவப்பு வெளிச்சங்கள்.
பங்குனி ஆமை தேடி நடக்கிற பிள்ளைகள்,
ஐந்தாறு பேர், ஒருத்தி கையில் முட்டைக் கூடை.
தடம் பார்த்து வந்தவர்கள் என் துணியில் நின்றார்கள்.

பேச்சு நின்றது.
"எவ்வளவு ஒழுங்கா மடிச்சு வெச்சிருக்கு பாரு,"
என்றது ஒரு குரல், மிக மெதுவாக.
இன்னொரு குரல், "போலீசுக்குப் போடவா?"

வெளிச்சம் குனிந்து அட்டையைப் படித்தது.
கூடைக்காரி எழுந்து, கடலைப் பார்த்து,
தெரிந்தவரைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டாள்:
"பொன்சேகர்! பொன்சேகர் சார்!"

கடையில் என்னை யாரும் பெயர் சொல்வதில்லை.
மூணாவது மாடி, ஏய் பச்சை டிசைன், இங்க வாப்பா.
தொண்டை அடைத்தது, உப்புத் தண்ணீர்தான்.
என்ன சொல்வது?
டிரையல் ரூம் கதவைத் தட்டினால்
உள்ளிருந்து சொல்வார்களே, அதுதான் வந்தது:
"ஆள் இருக்கு!"

ஒரு நொடி. அப்புறம் சிரிப்பு,
பயம் வடிகிற சிரிப்பு.
விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
ஆறு முதுகுகள் எனக்காகத் திரும்பிக்கொண்டு
தெற்கே நடந்தன.
கூடைக்காரி மட்டும் திரும்பாமலே சொன்னாள்:
"வடக்கே போகாதீங்க சார், அங்க முட்டை இருக்கு."

போகவில்லை.
உடம்பு காயும்வரை நின்றேன்.
கிழக்கு வெளுத்தது, என்னையும் சேர்த்து.

மத்தியானம் ஓர் அம்மாள்
ஷிஃபானை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து,
"உள்ளே தெரியுமா?" என்றார்.
"தெரியாதும்மா" என்றேன்.
காதுமடலுக்குப் பின்னால் மணல் நறநறத்தது.