நீங்கள் 212ஆம் பக்கத்தில் இருக்கிறீர்கள்

களியக்காவிளையில் எங்கள் அடுக்களை ஜன்னலோரம் நின்றால்
'கேரளத்துக்கு வரவேற்கிறோம்' என்கிறது போன்.
புட்டுக்குற்றியைக் கழுவி வைத்துவிட்டு
ஹாலுக்கு வந்தால் மறுபடி தமிழ்நாடு.
நாளுக்கு ஏழெட்டு முறை எல்லை தாண்டுகிறேன்,
நைட்டியோடு.

வாசிப்பதும் இதே போனில்தான்.
நாற்பத்துநாலு வயதில்
எழுத்தைப் பெரிதாக்க யாரையும் கேட்கவேண்டாம் என்பது
ஒரு சுகம்.
மார்த்தாண்டம் பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டால்
சாளைக் கூடைக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும் நடுவில்
ஒற்றைக் கட்டைவிரல் போதும், பக்கம் திருப்ப.

எழுத விட்டால்தான் வம்பு.
அண்டியாபீசில் கணக்கெழுதுகிறேன்.
வீட்டு மரத்தில் பழுத்துக் கிடக்கிறதே என்று
சூப்பர்வைசர் தாசையனுக்கு
'கொல்லாமா வேணுமா சார்' என்று அடித்தேன்.
அதுவே திருத்தி
'கொல்லலாமா வேணுமா சார்' என்று அனுப்பிவிட்டது.
மத்தியானம்வரை மனிதர் என் மேசைப் பக்கம் வரவில்லை.

சொல்ல வந்தது அதுவல்ல.

புத்தகக் கணக்கு ஒன்று, வாசிப்பவர்கள் இரண்டு பேர்.
தங்கச்சி பெனிலா மஸ்கட்டில் நர்ஸ்.
பன்னிரண்டு சென்ட் ரப்பருக்காக
நாங்கள் பேசாமலாகி ஒன்றரை வருஷம்.
வாட்ஸ்அப்பில் என்னை அடைத்துப் போட்டாள்.
அம்மாவின் கல்லறைக்கு வந்தபோதும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.
கடவுச்சொல்லை மட்டும் மாற்றவில்லை.
மறந்திருப்பாள்.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நூற்று நாற்பதில் நான் மூடிவைத்தால்
காலையில் போன் கேட்கும்:
'வேறொரு கருவியில்
நீங்கள் 212ஆம் பக்கத்தில் இருக்கிறீர்கள்.
அங்கே போகட்டுமா?'
நீங்களாம்.
இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நம்புகிற ஒன்று
இந்த உலகத்தில் இது மட்டும்தான்.
வேண்டாம் என்று அழுத்துவேன்.
சின்னதிலேயே அவள் அப்படித்தான்,
சோறு தின்பதும் ஓட்டம், படிப்பதும் ஓட்டம்.

போன மாசம்
212 அப்படியே நின்றது.
டூட்டி அதிகமாக இருக்கும்.
ஐந்தாம் நாள், கதை பிடிக்கவில்லை போல.
ஏழாம் நாள் மஸ்கட்டில் மழையா என்று பார்த்தேன்,
விபத்துச் செய்திகள் பார்த்தேன்,
அவள் மாப்பிள்ளை சுஜினின் நம்பரை எடுத்தேன், வைத்தேன்.
எட்டாம் நாள் அந்தப் பக்கத்தையே திறந்தேன்,
அப்படி என்னதான் இருக்கிறது நிற்பதற்கு என்று.
யாரோ கிணறு தூர்வாருகிறார்கள்.
அவ்வளவுதான்.

பத்தாம் நாள்.
ராத்திரி முழுக்க மழை, கரண்ட் இல்லை,
சார்ஜ் ஒன்பது சதவீதம்.
'நீங்கள் 216ஆம் பக்கத்தில் இருக்கிறீர்கள்.'

நாலு பக்கம்.
காய்ச்சலில் கிடந்து எழும்பினவளின் கஞ்சி மாதிரி
நாலே பக்கம்.

இடையில் என்ன நடந்ததென்று தெரியாமலே
217க்குப் போனேன்.
கிணற்றில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா,
ஒன்றும் தலையில் ஏறவில்லை.
அந்த ஒரு பக்கம் வாசித்து, மூடினேன்.

இங்கே ஆறரை என்றால் அங்கே ஐந்து.
டூட்டி முடிந்து செருப்பைக் கழற்றும்போது
அவள் போன் அவளிடம் கேட்கும்.

அடுப்பில் புட்டுக்கு ஆவி வந்துவிட்டது.
அடுக்களைக்குப் போனேன்.
கேரளம் வரவேற்றது.