பிடித்தம்

கூடாரம் ஈரமாய்த் திரும்பினால்
ஐந்நூறு பிடித்தம் என்று
ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்திருக்கிறார்
வடபழனிக் கடைக்காரர்.
இன்று மாலை ஆறு மணி கெடு.

கொளத்தூர் மொட்டை மாடியில்
பதினொரு மணி வெயில்.
சின்டெக்ஸ் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
கயிறு கட்டி விரித்து உதறுகிறேன்.
பாசி படிந்த ஒரு குச்சி,
யாருடையதோ ஹேர்பின்,
மடிப்பில் தங்கியிருந்த ஒரு கை நீர்.
தரை ஓடு அதை
சுர்ரென்று குடித்துவிட்டது.

துணி காயப்போட வந்த
கீழ்வீட்டு மரியபுஷ்பம் கேட்கிறார்:
"வால்பாறையில என்ன பாத்தீங்க?"

ஒன்றும் பார்க்கவில்லை.
மூன்று நாளும் மூடுபனி.
யானை நிற்கிறது என்றார் வழிகாட்டி மாசிலன்;
வாடை வந்தது, யானை வரவில்லை.
பள்ளத்தாக்கு என்று கைகாட்டிய பக்கம்
கழுவி வைத்த சிலேட்டு.
அருவி காதுக்கு மட்டும் இருந்தது.

பார்த்ததெல்லாம்
முன்னால் போன தமயந்தியின் குதிகால்.
இடது ஷூவில் கிழிசல்,
ஒட்டிய ஃபெவிக்விக் வெள்ளையாய்ப் படர்ந்து.
நான்கு வருடம் பக்கத்து நாற்காலி,
இந்தக் குதிகாலை எனக்குத் தெரியாது.
அது ஏறினால் மேடு,
இறங்கினால் பள்ளம்.
ஒருமுறை காணாமல் போனது.
பத்து மூச்சு இருக்கும்.
கூப்பிட்டேன்.
என் குரல் ஈரத் துணியாய்
என் மேலேயே விழுந்தது.
பிறகு, மிக அருகில், எரிச்சலோடு,
"இங்கதான்டி இருக்கேன், கத்தாத."

இரவு
இருவர் கூடாரத்தில் மூவர்.
அடுப்பு பற்றவில்லை. நமத்த பிஸ்கட்.
டார்ச்சை அணைத்ததும்
கண் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.
அப்போதுதான் சொன்னாள் தமயந்தி,
கோர்ட்டிலிருந்து தாள் வந்துவிட்டதென்று.
முகங்கள் இல்லாத இடத்தில்
அது சுலபம் போலும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மரம் சொட்டிக்கொண்டிருந்தது.
நஸ்ரீன் தன் கம்பளியை
அவள் பக்கம் நகர்த்தும் சரசரப்பு மட்டும்.

இதை மரியபுஷ்பத்திடம் எப்படிச் சொல்ல?
"நல்ல குளிரு" என்றேன்.
"குடுத்து வச்சவங்க" என்று
பக்கெட்டோடு இறங்கிப் போனார்.

கணுக்கால் அரிக்கிறது,
அட்டை கடித்த இடம்.
பிய்க்காதீங்க, குடிச்சதும் விழுந்துடும் என்றார் மாசிலன்.
விழுந்தது, நாவற்பழம் போல.
இந்நேரம் ஏதோ சருகடியில்
மெட்ரோ தண்ணியும் ஆவின் பாலும் ஊறிய
கொளத்தூர் ரத்தத்தைச்
செரித்துக்கொண்டிருக்கும்.
மாசக்கணக்கில் பசிக்காதாம் அதற்கு.
அதுவரை
கொஞ்சம் நான் அங்கேயும் இருப்பேன்.

நாலு மணி.
துணி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.
மூக்கை வைத்துப் பார்த்தேன்,
வெயில் வாசம்தான்.
ஜிப்புக்குக் கீழே, தையல் ஓரம்,
விரலளவு மட்டும் இன்னும் ஈரம்.
அதை உள்பக்கமாய் வைத்துச் சுருட்டினேன்.
கடைக்காரர் கண்டுபிடித்தால்
பிடித்துக்கொள்ளட்டும்.