இருநூற்று நாற்பது மீற்றர்

பதினோராவது கேள்வி:
திட்டத்தின் பின் உங்கள் வருமானம்
கூடியது, குறைந்தது, மாற்றமில்லை.
மூன்று கட்டம்.
பேனையை மூடித் திறந்து
மூடித் திறந்து இருக்கிறேன்.
படிவம் கொண்டுவந்த பெடியன்
தேத்தண்ணியை ஊதுகிறான்.

கருங்காலிமுறிப்பு எங்கள் ஊர்.
முறிப்பு என்றால் உடைந்த குளம்.
எந்தக் காலத்து வெள்ளம் உடைத்ததோ,
கட்டை உயர்த்தி, அலைகல் அடுக்கி,
இரண்டு மாரி வான் பாய்ந்த பிறகும்
பெயர் மட்டும் உடைந்தபடி கிடக்கிறது.

துருசுக் கதவு கப்பலில் வந்தது.
சக்கரத்தைத் திருப்ப ஒரு கை போதும்.
முன்பு அந்தத் துவாரத்தைச்
சாக்கும் களியும் கொண்டு
மூழ்கித்தான் அடைக்கவேண்டும்.
ஒருமுறை பத்மசீலன் உள்ளே போனார்.
கரையில் நின்று எண்ணினேன்.
நூற்றுப்பத்தில் தலை தெரிந்தது.
வீட்டுக்கு வந்தும்
எண்ணிக்கை நிற்கவில்லை.
ஆகவே அந்தக் கதவைப் பற்றி
என் முன்னால் ஒருவரும் பகிடி விடவேண்டாம்.

றோட்டும் வந்தது.
பதினொரு கிலோமீற்றர், தார் போட்டு.
முதல் வந்தது அறுவடை மிசின்.
பின்னால் லொறி, வயல் வரம்பு மட்டும்.
ஈரநெல்லென்று மூட்டைக்கு நாலு கிலோ கழித்து
விலையையும் அவனே சொன்னான்.
மாங்குளத்துக்கு ஏற்றிப்போன காலத்தில்
பள்ளத்தில் கொட்டுண்டது போக மிச்சத்துக்கு
நாங்களும் ஒரு விலை சொன்னோம்.

கடன்காரத் தம்பி செவ்வாயில் வருவார்.
முன்பு மழைக்கு வரமாட்டார்.
இப்போது மழைக்கும் வருகிறார்.

அதே றோட்டால்தான்
நாகேஸ்வரியின் மகள், இரவு ஒன்றரைக்கு,
இருபத்தைந்து நிமிசத்தில்
மல்லாவி ஆசுப்பத்திரிக்குப் போனாள்.
போனைப் பிடித்தபடி
வளவெல்லாம் நின்று கேட்டோம்
பிள்ளை அழுததை.
அதை எந்தக் கட்டத்துக்குள்
புள்ளடி போடுவது?

வாய்க்கால் சங்கதிதான் வேறு.
சீமெந்தில் வழுக்கிக்கொண்டு வந்து
செபமாலையின் காணி மூலையில் நின்றுவிட்டது.
அன்று டிசம்பர் முப்பத்தொன்று.
நிதியாண்டு முடிந்ததாம்.
தண்ணீருக்கு இதை ஒருவரும் அறிவிக்கவில்லை.
அது பாட்டுக்கு வந்தது,
சீமெந்து முடிந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறி
மண்ணுக்குள் இறங்கிப் போனது.
அங்காலே இருநூற்று நாற்பது மீற்றர் வெறுமண்.
அதற்கும் அங்காலே, கடைக்கட்டில்,
பதினாலு குடும்பம்.

பார்வையிட வந்தவர்கள்
தலைக்கட்டில் இறங்கினார்கள்.
தொப்பி போட்ட வெள்ளைக்காரி
குந்தியிருந்து வாய்க்காலில் கை நனைத்தாள்.
நல்ல மனுசி. சிரித்தால் கண்ணும் சிரிக்கும்.
நான் ஐந்து நிமிசம் சொன்னதை
மொழிபெயர்த்தவர் ஐந்து சொல்லில் சொன்னார்.
அவள் தலையாட்டினாள்.
மத்தியானச் சாப்பாடு கிளிநொச்சியில்.
கடைக்கட்டுக்கு நேரம் காணாது.

பலகையில் மூன்று கொடி, ஒரு தொகை.
'கடனோ, கொடையோ?' என்று மகன் கேட்டான்.
கமக்கார அமைப்பின் பொருளாளர் நான்,
எனக்கும் தெரியாது.

நேற்றுச் சிறுபோகக் கூட்டம்.
குளத்தில் ஒன்பதடி.
கடைக்கட்டையும் விதைப்பதென்றால்
ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு
வீட்டுக்கு ஓராள், ஒரு மண்வெட்டி.
'எனக்கென்ன?' என்றார் விசுவலிங்கம்.
தலைக்கட்டில் ஏழு ஏக்கர் அவருக்கு.
பிறகு கொப்பியை இழுத்துக்
கையெழுத்து வைத்தார்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் மாறிவிடுவார்.

மூன்று கட்டத்திலும் புள்ளடி போட்டேன்.
'அக்கா, ஒண்டைத்தான் போடலாம்,
மிசின் எடுக்காது.'
'வேறு கருத்துகள்' என்ற இடத்தில்
மூன்று கோடு விட்டிருந்தது.
எழுதினேன்:
240 மீ. மண்வெட்டி முப்பத்தொன்று.
சீமெந்து இல்லை.

பெடியன் வாசித்தான்.
திருப்பி வாசித்தான்.
'அது எந்தப் பக்கம்?' என்று கேட்டான்.
காட்டினேன்.
வரம்பு சேறு என்றும் சொன்னேன்.
தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச்
சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.