ஒற்றைத் தொண்டை

கோதுமைக் கிடங்கின் அலுவலகத்தில்
பெரிய கணினி ஒன்று இருந்தது.
அந்த ஆண்டு வந்த லாரிகளின் எடையெல்லாம் அதற்கு அத்துப்படி.
வின்னிப்பெக்குக்குச் சொல்லத்தான் வாயில்லை.

மோடம் வாங்கப் பணமில்லை என்றார் ஓனுஃப்ரி ஹ்னாட்யுக்.
பணம் இருந்தது.
ரசீதுகளை அடுக்குபவள் நான், எனக்குத் தெரியாதா.

என்னிடம் ஒரு மடிக்கணினி.
பத்திரிகைக்காரர் ஒருவர்
வாடகைப் பாக்கிக்கு ஈடாக என் அக்காவிடம் விட்டுப்போனது.
எட்டே வரித் திரை, நான்கு பென்சில் பேட்டரி,
விலாவுக்குள்ளேயே ஒரு மோடம்.

இரண்டாம் கம்பியை மூன்றாவதிலும்
மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் பற்றவைத்தேன்.
இதன் வாய் அதன் காதுக்கு,
அதன் வாய் இதன் காதுக்கு.
முடிந்தது என்று நினைத்துக் கையைத் துடைத்தேன்.

சின்னதுக்கு ஒரே ஒரு தொண்டை.
கேபிளோடு பேசினால் தொலைபேசிக்கு ஊமை,
தொலைபேசியோடு பேசினால் கேபிளுக்குச் செவிடு.
கையேட்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை.
நான்கு இரவு அதோடு மல்லுக்கட்டிவிட்டு
அதன் வழிக்கே போனேன்:

பெரியதிடம் குனி.
வயிறு கொள்ளுமட்டும் வாங்கு.
திரும்பு.
ரப்பர்க் கிண்ணங்களில் கவிழ்த்த ரிசீவரில் கீச்சிட்டுக் கொட்டு.
மறுபடி திரும்பு.
நாற்பத்தொரு வரி நிரல், அவ்வளவுதான்.

நொடிக்கு முப்பது எழுத்து.
ஒவ்வொன்றும் போவதைக்
காப்பி குடித்தபடியே படித்துவிடலாம்.
துரும் கோதுமை, முதல் தரம், ஈரம் பன்னிரண்டு.
பார்லி, இரண்டாம் தரம்.

ஜனவரியில் மைனஸ் முப்பத்தெட்டு.
குளிரில் திரையின் எழுத்துகள்
யோசித்து யோசித்துக் கறுத்தன.
பேட்டரிகளைக் கையுறைக்குள் சூடாக்கிப் போட்டேன்.

எங்கள் கம்பியில் ஐந்து வீடுகள்.
பாதி பார்லி போயிருந்தபோது
ஆறு மைல் தள்ளி
சோல்வைக் ஆசென் ரிசீவரை எடுத்துவிட்டாள்.

வின்னிப்பெக் திருப்பிச் சொன்ன வரியில்
நாற்பத்திரண்டு டன்னுக்கு அப்புறம்
ஒரு அலைக்குறி, இரண்டு நெளிந்த அடைப்பு,
ஒரு எக்ஸ், மறுபடி அலைக்குறி.

கிண்ணத்திலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தேன்.
கீச்சொலிக்கு நடுவே அவள்
"யாரு? யாரு அது?"
"ஒரீஸ்யா. என்ன ஆச்சு?"
"கன்று குறுக்கே நிக்குது. டாக்டரைக் கூப்பிடணும்.
யாரையோ கொல்ற மாதிரி சத்தம் போடுதே உன் ஃபோன்."
"கூப்பிடுங்க. பார்லி எங்கேயும் ஓடாது."

இருபது நிமிடம்.
ஜன்னலில் பனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சின்னது பாதி வயிற்றோடு காத்திருந்தது.

கன்று பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

எடையைத் திருத்தி மறுநாள் அனுப்பினேன்.
பிழைத்தாளை மட்டும் தபாலில் கேட்டு வாங்கி
நாள்காட்டிக்குப் பக்கத்தில் குத்திவைத்தேன்.
ஓனுஃப்ரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
இது என்ன தரம் என்றார்.
சோல்வைக், என்றேன்.
"யாரு" என்று கேட்டிருக்கிறாள்.
அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஏப்ரலில் அவரே மோடம் வாங்கினார்.
நான்கு மடங்கு வேகம்.
நடுவில் யார் எடுத்தாலும் வெட்டிவிட்டுத்
தானே மறுபடி அழைத்துக்கொள்ளும்.

சின்னதின் பேட்டரிகளைக் கழற்றி
அலுவலக ரேடியோவில் போட்டேன்.
வானிலை அறிக்கை வரை வந்தன.